மாணாக்கர் மனத்துயரும் சர்க்காரின் கடமையும்

2025 ஜூலை 25-ந் தேதி சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளான விக்ரம் நாத், சந்தீப் மேத்தா இருவரும் பிறப்பித்த உத்தரவொன்று நம் நாட்டுக் கலாசாலைகள் அனைத்தையும் கட்டுப்படுத்துவதாகும். நூறு மாணாக்கருக்குக் குறையாமல் பயிலும் ஒவ்வொரு கல்வி ஸ்தாபனமும், தக்க பயிற்சி பெற்ற ஆலோசகர், மனோதத்துவ நிபுணர், சமூக சேவகர் ஆகியோரில் ஒருவரையேனும் நியமித்தாக வேண்டும். நூறுக்குக் குறைந்த ஸ்தாபனங்கள் வெளியிலுள்ள நிபுணரோடு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். விசாகப்பட்டினத்தில் வைத்தியக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் பயின்றுவந்த ஒரு பெண்ணின் மரணத்தைக் குறித்து அவள் தந்தை தொடுத்த வழக்கில் பிறந்தது இவ்வுத்தரவு. தக்க சட்டம் இயற்றப்படும் வரையில் இதுவே சட்டமாக நிற்கும் என்றும் நீதிபதிகள் கூறியிருக்கின்றனர். இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் மன்னார்குடியைப் போன்ற ஓர் ஊரில் இது எவ்வாறு நிறைவேறப் போகிறது என்பதே நம் கவலை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ம் வருஷத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணாக்கர் 13,044 பேர். அவர்களுள் 1,416 பேர் தமிழ்நாட்டினர். மஹாராஷ்டிரத்துக்கு அடுத்த ஸ்தானம் நம்முடையது. 2023-ல் தேசத்தின் தொகை 13,892 ஆக ஏறிற்று. பரீட்சையில் தவறியதுதான் இவற்றுக்கெல்லாம் காரணம் என்று ஜனங்கள் சுலபமாகச் சொல்லிவிடுகின்றனர். 2022-ல் பரீட்சைத் தோல்வியே காரணமென்று குறிக்கப்பட்டவை 2,248 மட்டுமே என்று சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பே எடுத்துக் காட்டுகிறது. ஆறில் ஒரு பங்குதான்! எஞ்சிய ஐந்து பங்கினரின் துயரம் பரீட்சைப் பட்டியலில் தெரியாது. கடன், வீட்டுச் சச்சரவு, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துதல், காதல் முறிவு, வெகுநாளாகக் கவனிக்கப்படாத மனநோய் என்று அதன் வேர்கள் பலவாறாக ஓடுகின்றன. ஒருவர் பக்கத்தில் அமர்ந்து கேட்டாலன்றி அவை வெளிவரமாட்டா.

மன்னார்குடியில் ராஜகோபாலசாமியின் பெயர் தாங்கிய அரசினர் கலைக் கல்லூரியும், அருகே சுந்தரக்கோட்டையில் மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. நீடாமங்கலம், வடுவூர், கோட்டூர், திருமக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் பஸ் ஏறி இவ்வூருக்குப் படிக்க வருகின்றனர். தம் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதல் மிதித்தவர்கள் அவர்களுள் அநேகர். இந்த டெல்டாவில் கலாசாலை திறக்கும் காலமும் குறுவை நடவுக் காலமும் ஒன்றே. மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம். கையிலிருந்த பணம் விதைக்கும் உழவுக்கும் நாற்றங்காலுக்கும் போன பிறகுதான் பிள்ளையின் சம்பளச் சீட்டு வீட்டுக்கு வருகிறது. சம்பா அறுவடையாகிப் பணம் புரளத் தை மாசி ஆகிவிடும். இடையிலுள்ள ஆறேழு மாதமும் அப்பிள்ளை வீட்டுக்குத் தான் ஒரு பாரம் என்ற எண்ணத்தோடே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜாப் புயல் இப்பிரதேசத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, வருஷங்கணக்காகப் பள்ளிச் செலவுக்கும் கல்லூரிச் செலவுக்கும் ஆதாரமாயிருந்த வருமானமும் சாய்ந்தது. மரத்துக்கு நஷ்டஈடு கணக்கிட்டார்கள். பிள்ளைகளின் மனத்தில் விழுந்த அடியைக் கணக்கிட்டவர் யார்?

இத்தகைய மாணாக்கன் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலை பாரம், நெஞ்சுப் படபடப்பு, தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்பான். மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் போவான். வீட்டார் காற்றுச் சேஷ்டை என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போவதும் உண்டு. ஆகவே, இங்கிலீஷ்ப் புஸ்தகத்தில் மட்டும் நோயைப் படித்துவிட்டு வருபவர் இங்கே பயன்படார். இந்தத் தஞ்சைத் தமிழில் சொல்லப்படும் உடம்பின் புகார்களுக்குள்ளிருந்து மனத்தின் புகாரைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவரே வேண்டும்.

மருத்துவ மனோதத்துவ நிபுணர் என்பவர் புத்திமதி சொல்பவர் அல்லர். முதுகலைப் படிப்புக்குப் பின் ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடையே தனிப் பயிற்சி பெற்று, 1992-ம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த இந்தியப் புனர்வாழ்வுக் கவுன்ஸிலில் பெயர் பதிந்துகொண்டவர். மருந்து கொடுக்கும் மனநோய் வைத்தியர் வேறு, இவர் வேறு. மாணாக்கனோடு வாரம் ஒருமுறை ஏறக்குறைய ஒரு மணி நேரம் அமர்ந்து, அவனுடைய எண்ணம் எந்த இடத்தில் வழி தவறித் தன்னையே குத்துகிறது என்று அவனைக்கொண்டே காணச் செய்வதும், ஆபத்து நெருங்கியிருக்கிறதா என்பதை நேரடியாகக் கேட்டறிவதும், மருந்து வேண்டுமானால் வைத்தியரிடம் அனுப்புவதும் இவர் தொழில். சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டியதாகும் என்று அநேகர் அஞ்சுகின்றனர். அது தவறு; கேட்பதால் பாரம் குறைகிறது என்பதே இத்துறையினரின் அனுபவம்.

இப்போது நம் அச்சத்தைச் சொல்லிவிடுகிறோம். உத்தரவு வந்ததும், இருக்கும் ஆசிரியர் ஒருவரின் பெயருக்கு முன்னால் 'ஆலோசகர்' என்று எழுதி, அறை வாசலில் ஒரு பலகை மாட்டிவிட்டு, நிறைவேற்றியாயிற்று என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவது நம் நாட்டு நிர்வாகத்துக்குப் பழக்கமான காரியம். 2015-லேயே சர்வகலாசாலை மானியக் குழு 25 மாணாக்கருக்கு ஓர் ஆசிரியர் ஆலோசகராக இருக்க வேண்டுமென்று வழி வகுத்தது. ஆசிரியர்களின் அன்பை நாம் குறைத்துப் பேசவில்லை. தம் சொந்தப் பணத்தால் பிள்ளைகளின் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டிய ஆசிரியர்கள் இந்த ஜில்லாவில் உண்டு. ஆனால் ஹாஜர் போடுபவரும் அவர், உள்மதிப்பீட்டு மதிப்பெண் இடுபவரும் அவர், ஒழுங்கு விசாரணையில் உட்காருபவரும் அவர். அவரிடம் எந்தப் பெண் தன் வீட்டு ரகசியத்தைச் சொல்வாள்? எந்தப் பையன் தான் குடிக்கத் தொடங்கியதை ஒப்புக்கொள்வான்? தேரடியில் சொன்னது ஹரித்திரா நதிக் கரைக்குப் போய்ச் சேர நாழிகையாகாத சிற்றூர் இது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. அதே சட்டத்தின் 115-ம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தாரென்றே கொண்டு, தண்டனையினின்று அவரைக் காக்கிறது. இவ்விரண்டையும் பெற்றோர் அறிந்திருந்தால், போலீஸ் வழக்கென்று அஞ்சி ஆஸ்பத்திரியில் பொய் சொல்லும் அவலம் நேராது.

கணக்கும் பார்ப்போம். ஒரு நிபுணர் நாளொன்றுக்கு ஐவரைப் பார்ப்பதாகவும், ஒவ்வொருவருக்கும் எட்டு அமர்வு தேவையென்றும் கொண்டால், பதினாறு வாரப் பருவத்தில் ஐம்பது பேருக்குத்தான் முழு உதவி கிட்டும். மூவாயிரம் பேர் பயிலும் கல்லூரிக்கு இது எம்மாத்திரம்? ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு மாணாக்கருக்கு ஒருவர் என்பது அமெரிக்கக் கலாசாலைகளில் கொள்ளும் அளவுகோல். நம் தேசத்திலோ, லட்சம் ஜனங்களுக்கு 0.07 மனோதத்துவ நிபுணரே இருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2017-ம் வருஷத்துத் தொகுப்பு கூறிற்று. எனவே கல்லூரிக்கொரு மருத்துவ மனோதத்துவ நிபுணர் உடனே கிடைத்துவிடுவார் என்று நாம் வாதிக்கவில்லை.

கல்லூரிதோறும் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் முழுநேர உத்தியோகத்தில் இருக்கட்டும். ஆசிரியர் பணி அவருக்கு வேண்டாம். அவர்களுக்கெல்லாம் வழிகாட்டவும் கடுமையான நோயாளிகளை ஏற்கவும் ஒரு மருத்துவ மனோதத்துவ நிபுணர் மன்னார்குடி அரசினர் தலைமை மருத்துவமனையில் அமரட்டும். அவர் சுகாதார இலாகாவின் கீழ் இருக்க வேண்டும். பிரின்ஸிபாலுக்குக் கட்டுப்பட்டவராக இருத்தலாகாது. அறை, வகுப்பு வேளையிலேயே திறந்திருக்க வேண்டும். மாலைப் பஸ்ஸைத் தவறவிட்டு யாரும் மனநலம் தேட மாட்டார்கள். திருவாரூரை அடுத்த நீலக்குடியில் 2009-ல் ஏற்பட்ட மத்திய சர்வகலாசாலையில் பல மாகாணத்துப் பிள்ளைகள் தங்கிப் பயில்வதால், அங்கே மலையாளமும் ஹிந்தியும் அறிந்தவர் தனியாக வேண்டியிருக்கும்.

'மனம்' என்னும் மனநல மன்றத்தைத் தமிழக சர்க்கார் 2022 டிசம்பரில் வைத்தியக் கல்லூரிகளிலிருந்து தொடங்கிற்று. வைத்தியம் பயிலும் பிள்ளைகளுக்கு நெருக்கடி உண்டென்பது மெய். ஆயினும் வைத்தியரை அறவே கண்டிராத கலைக் கல்லூரிப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றுகிறது. 2022-ல் புதுமைப்பெண் திட்டமும் 2024-ல் தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் அளித்து ஏழைப் பிள்ளைகளைக் கலாசாலை வாசல் வரை கொண்டுவர ஏற்பட்டவை. வாசலுக்குள் வந்தபின் அவர்கள் மூன்று வருஷம் உயிரோடும் தெம்போடும் படித்து முடிக்கச் செய்யும் செலவும் அதே கணக்கைச் சேர்ந்ததே.

அடுத்த உயர்கல்வி மானியக் கோரிக்கையின்போது இந்த ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்கள் எழுந்து, அரசினர் கலைக் கல்லூரிகளில் இதற்கென எத்தனை நிரந்தர உத்தியோகங்கள் ஏற்படுத்தப்பட்டன, அவற்றில் எத்தனை நிரம்பின, எத்தனை பலகையளவில் நிற்கின்றன என்று கேட்கட்டும். உத்தியோகம் ஏற்படும் வரையில் காத்திராமல் இன்றே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. டெலி-மானஸ் என்னும் இலவசத் தொலைபேசி சேவை 2022 அக்டோபர் 10 முதல் இரவும் பகலும் நடைபெற்று வருகிறது, எண் 14416, தமிழிலேயே பேசலாம். இவ்வெண்ணை விடுதியிலும் வகுப்பிலும் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டுமென்பதும் கோர்ட்டின் உத்தரவே. மன்னார்குடி மாணவர் சங்கத்து வாலிபர்கள் இவ்வாரமே கல்லூரிச் சுவர்களைச் சுற்றிப் பார்த்து, எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே இல்லை என்று நமக்கு எழுதுவார்களாக.