பாசிக்கென்று ஒரு பாறைச் சுவர்

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் மீனைத் தேடுவார்கள், பிறகு பவளத்தை. எங்கள் கூடத்தில் இருக்கும் மூன்றடித் தொட்டியில் பவளம் கிடையாது; மீனும் மிகக் குறைவு. அதில் வளர்வதெல்லாம் கடற்பாசி. பச்சையும் சிவப்பும் பழுப்புமாகப் பின்பக்கம் ஒரு பாறைச் சுவரே அசைந்துகொண்டிருக்கும். அந்தச் சுவரை எப்படிக் கட்டுவது என்று கேட்டு வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். கட்டுவதைச் சொல்லும்போது அதற்கான கல் எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிய கேள்வி.

நிலத்துச் செடிகளுக்கு இருப்பதுபோல் கடற்பாசிக்கு வேர் இல்லை. பெரும்பாலான இனங்கள் தமக்கு வேண்டிய சத்தை உடல் முழுவதாலும் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அடியில் இருப்பது ஒரு பிடிப்பு மட்டும். அலை இழுத்துக்கொண்டு போகாமல் பாறையின் சொரசொரப்பைக் கவ்வி நிற்பதற்கு. பவளத் தொட்டியில் கல் ஒரு மேடை, மீன் தொட்டியில் ஒளிந்துகொள்ள இடம். பாசித் தொட்டியிலோ கல்தான் வயல். எந்தப் பாசி எங்கே நிற்கப்போகிறது என்பதைக் கல் அடுக்குவதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும்.

நீர் வற்றும் நேரத்தில் பாறைக் கரையில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாசிகள் கண்டபடி முளைப்பதில்லை. மேல்மட்டத்தில் வெயில் பட்டாலும் தாங்குகிற பச்சைப் பாசிகள் இருக்கும். அலை மோதும் விளிம்பில், ராமேசுவரம் பக்கத்தில் கட்டக்கோரை என்று சொல்கிறார்களே, அதுபோன்ற பழுப்புப் பாசிகள். இடுக்கின் நிழலிலும் ஆழத்திலும் சிவப்புப் பாசிகள். எல்லாக் கரையிலும் இந்த வரிசை அச்சடித்ததுபோல் இருக்காது. ஆனால் சிவப்புப் பாசிகளில் உள்ள ஃபைகோஎரித்ரின் என்ற நிறமி, ஆழத்தில் மிஞ்சுகிற நீல, பச்சை ஒளியையும் பிடித்துக்கொள்ளும். அதனால் நிழலிலும் அவை பிழைக்கின்றன. கல்லைச் சுவராக எழுப்பும்போது இந்த மேல்கீழ் வரிசைக்குத் தொட்டிக்குள்ளேயே இடம் கிடைத்துவிடுகிறது. தரையில் பரப்பிய கற்களில் அது கிடைக்காது.

பின்கண்ணாடியோடு ஒட்டிக் கல்லைச் சுவர்போல் அடுக்குவது பழைய பவளத் தொட்டிகளில் வழக்கமாக இருந்தது. அதை இப்போது பலரும் கைவிட்டுவிட்டார்கள், கைவிட்டது சரியே. சுவருக்குப் பின்னால் நீரோட்டம் செத்துவிடும், கழிவு படியும், கையும் போகாது. நான் சொல்லும் சுவர் கண்ணாடியிலிருந்து நாலு விரற்கடையாவது தள்ளி நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு சிறிய நீரோட்ட மோட்டாரை வைத்து, சுவரில் ஆங்காங்கே துளைகள் விட்டால், பின்னாலிருந்து தண்ணீர் கல்லுக்குள் புகுந்து முன்னால் வரும். பாசி தின்பதும் மூச்சு விடுவதும் அந்த ஓட்டத்தில்தான். தண்ணீர் நகராத இடத்தில் பாசியின் மேல் தூசு படிந்து, அதன்மேல் நூல்பாசி பிடித்து, நல்ல பாசி மூச்சுமுட்டிச் சாகும்.

சுவர் செங்குத்தாக நிற்க வேண்டியதில்லை. அடியில் அகலமாக, மேலே போகப் போகப் பின்னால் சாய்ந்து, நடுநடுவே சிறு திண்ணைகள் விட்டுக் கட்டினால் வெளிச்சம் கீழ்வரை இறங்கும். திண்ணைகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் அமைந்துவிட்டால் புத்தக அலமாரியாகிவிடும். ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒன்றின் அடியில் மட்டும் ஆழமான குகை. அந்தக் குகை வாயில்தான் சிவப்புப் பாசிக்கு நல்ல இடம். கல்லை மணலின் மேல் வைக்கவே கூடாது. தொட்டியின் அடியில் பிளாஸ்டிக் வலைத்தட்டைப் போட்டு, அதன்மேல் கல்லை நிறுத்தி, கடைசியில்தான் மணல் கொட்ட வேண்டும். மணலின்மேல் நின்ற கல்லுக்குக் கீழே ஒரு மீன் தோண்டினால் போதும், சுவர் முன்கண்ணாடியில் சாயும். பெரிய கற்களைத் துளையிட்டு அக்ரிலிக் கம்பியால் கோக்கலாம். சின்னவற்றுக்கு எபாக்சி மாவு போதும்.

இனி கல்.

கடல்நீர்த் தொட்டி என்ற ஆசை பரவிய காலத்திலேயே இந்தச் சிக்கலும் பிறந்துவிட்டது. 1854-இல் ஃபிலிப் ஹென்றி காஸ் என்ற ஆங்கில இயற்கையியலாளர் ‘தி அக்வேரியம்’ என்ற நூலை வெளியிட்டார். பாசிக்கு வேர் இல்லை என்பதால், சுத்தியலும் உளியும் கொண்டு அது பிடித்திருக்கும் பாறைத் துண்டோடு பெயர்த்து எடுக்க வேண்டும் என்பது அவர் சொல்லிக்கொடுத்த வழி. பாசியின் உடலமைப்பு தெரிந்தவர் சொன்ன சரியான வழிதான். அதைப் படித்துவிட்டு எத்தனையோ பேர் உளியோடு இங்கிலாந்தின் கடற்கரைகளில் இறங்கினார்கள். அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் எழுதிய ‘ஃபாதர் அண்ட் சன்’ நூலில், தாம் சிறுவயதில் பார்த்த பாறைக்குட்டைகள் சூறையாடப்பட்டதையும், அது தந்தையை எவ்வளவு வருத்தியது என்பதையும் பதிவு செய்திருக்கிறார். கடலை நேசித்தவரின் புத்தகமே கடற்கரையை வெறுமையாக்கியது. பாசித் தொட்டி வைக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

நூறாண்டு கழித்து அதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையும் காற்றுக்குமிழியும் மட்டும் கொண்டு தொட்டியைத் தெளிவாக வைக்க முடியும் என்று 1961-இல் எழுதினார். பாறையின் துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள் அமோனியாவைச் சிதைப்பதே அதன் சூட்சுமம். பின்னாளில் ஃபிஜி, இந்தோனேசியா போன்ற இடங்களிலிருந்து டன் கணக்கில் பாறை கப்பலேறியது.

நம் பக்கத்திலும் காயம் ஆறவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டும் இன்று நீருக்குக் கீழே கிடக்கின்றன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் தீவுகள் தம் அரணை இழந்தன. 1986-இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. கரையில் ஒதுங்கிய செத்த பவளம்தானே என்று பையில் போட்டுக்கொள்வதும் குற்றமே. சட்டம் இல்லாவிட்டாலும் நான் அதைத் தொட மாட்டேன். ஒரு வீட்டுக் கூடத்தின் அழகுக்காகத் தீவின் அரணிலிருந்து ஒரு கல்லைப் பிடுங்க யாருக்கும் உரிமை கிடையாது.

அதனால் எங்கள் சுவரின் கல் வார்த்த கல். வெள்ளைச் சிமெண்ட் ஒரு பங்கு, கோழித் தீவனத்துக்கு விற்கும் உடைத்த சிப்பி மூன்று பங்கு, அதில் தாராளமாகக் கல்லுப்பு. தண்ணீர் குறைவாக விட்டுப் புட்டுமாவுப் பதத்தில் பிசைந்து, ஈர மணலில் குழி பறித்து அதற்குள் அப்பி வார்க்க வேண்டும். எங்கள் தெருவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் இதைப் பார்த்துப் பதறிவிட்டார். “என்னம்மா, சிமெண்டுல உப்பு சேரக் கூடாதுன்னு நாங்க தலைபாடா அடிச்சிக்கிறோம், நீங்க அள்ளி அள்ளிப் போடுறீங்களே!” உப்பு அரிப்பது உள்ளே இருக்கும் இரும்பை, இதில் கம்பியே இல்லை, உப்பு கரைந்துபோன இடமெல்லாம் துளையாக நிற்கும், அதுதான் வேண்டும் என்றதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. கரணையை வாங்கி, துளைகள் அடைபடாமல் முகத்தைக் கொத்திவிடும் விதத்தை அவரே காட்டினார். திண்ணைகளின் அடிப்பக்கச் சொரசொரப்பு அவர் கைவண்ணம்.

வார்த்த கல் உடனே தொட்டிக்குப் போகக் கூடாது. சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு, ஊறவைத்த தண்ணீரின் பிஎச் அளவை 12 வரை ஏற்றிவிடும். கடல்நீருக்கு அது 8-ஐ ஒட்டி இருக்க வேண்டும். சில நாள் ஈரச் சாக்கு போர்த்தி இறுகவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். ஒருநாள் முழுக்க ஊறிய பிறகும் தண்ணீரின் பிஎச் 8.5-ஐத் தாண்டவில்லை என்றால் கல் தயார். அதன்பின் உப்புநீரில் பாக்டீரியா குடியேறும்வரை இன்னும் சில வாரம். பொறுமையில்லாதவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வார்க்க இடமில்லாதவர்கள் சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல்லை வாங்கலாம். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல் படிவுகள் கிரெட்டேசியஸ் காலத்துக் கடலடித் தரை. அம்மோனைட்டுகள் கிடைக்கும் பூமி அது. டைனோசர் காலத்துச் சிப்பிகள் படிந்த அந்தக் கல்லின்மேல் இன்றைய பாசி பற்றி வளர்வதை நினைக்கவே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. உயிருள்ள எந்தக் கரையையும் உடைக்காமல் கிடைக்கும் கடற்கல் அது.

நடுவது எளிது. கஞ்சிப்பாசி வகைத் துண்டுகளை இடுக்கில் செருகினால் போதும். வழுக்குபவற்றைத் தூண்டில் நரம்பால் சுற்றலாம், அல்லது அடியில் சூப்பர் குளூ ஜெல் ஒரு பொட்டு வைக்கலாம், அது தண்ணீருக்குள்ளும் இறுகும். தூண்டில் நரம்பை அவிழ்க்க அவசரப்படாதீர்கள். ஓரா மீனை மட்டும் இந்தத் தொட்டியில் விடவே வேண்டாம், அதன் சாப்பாடே பாசிதான்.

பவளம் வளர்ப்பவர்கள் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஒழிக்கப் பாடுபடுவார்கள். நமக்கு அவை வேண்டும். கடற்பாசி உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் சராசரியாக 550:30:1 என்ற விகிதத்தில் இருப்பதாக அட்கின்சன், ஸ்மித் இருவரும் 1983-இல் காட்டினார்கள். பாஸ்பரஸ் தேவை சிறியது, ஆனால் இல்லாமல் முடியாது. புதிய சுண்ணாம்புக் கல்லோ பாஸ்பேட்டைத் தன்மேல் இழுத்து வைத்துக்கொள்ளும். கல் புதிதாக இருக்கும் மாதங்களில் பாசி வெளிறுவதற்கு இது ஒரு காரணம். அளந்து பார்த்து, நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.1 பிபிஎம் அருகில் நிற்கும்படி சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும்.

பாசியை நான் கரையிலிருந்து பறித்ததில்லை. ஏற்கெனவே வளர்ப்பவர்கள் கத்தரித்த துண்டுகளை வாங்கிக்கொண்டேன். ராமேசுவரம் கரையில் பாசி எடுத்தே பிழைக்கும் பெண்கள், கடல் களைத்துவிடக் கூடாதென்று மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தாமே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்கு எடுப்பவர்களே அளவு வைத்திருக்கும்போது, பொழுதுபோக்குக்காரர்கள் அங்கே கைவைக்க என்ன நியாயம் சொல்ல முடியும்?

வெளியேறும் பாசிக்கும் கணக்கு வேண்டும். 1984-இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்கு எதிரே கடலடியில் சிறு திட்டாகத் தெரிந்த காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்ற தொட்டிப் பாசி, மத்தியதரைக்கடலில் ஆயிரக்கணக்கான ஏக்கர்களுக்குப் பரவியது. 2000-இல் கலிஃபோர்னியாவின் ஓர் உப்பங்கழியில் தலைகாட்டியபோது, அதை அழித்து முடிக்க 2006 வரை ஆனது. காலெர்ப்பாவின் ஒரு சிறு துண்டு போதும், மறுபடி கொடியோடும். வணிகத்துக்காக மண்டபம் பக்கம் வளர்த்த கப்பாஃபைக்கஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்திருப்பது 2008-இல் பதிவானது.

அதனால் காலெர்ப்பா வைப்பவர்கள் அதைப் பெருஞ்சுவரில் நடாமல், சுவரோடு ஒட்டாத தனிக் கல்லில் வையுங்கள். ஓடும் தண்டு அந்தக் கல்லின் விளிம்பைத் தாண்டும்போது வெட்டிவிடலாம். வெட்டியதை நல்ல தண்ணீரில் ஒரு நாள் போட்டு, மொட்டைமாடி வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டு, பிறகே குப்பைக்கு அனுப்புங்கள். தொட்டியில் மாற்றிய உப்புநீரையும் மழைநீர் வடிகாலில் கொட்டாதீர்கள், அது போய்ச் சேருமிடம் கடல். வீட்டுக் கழிவறையில் ஊற்றலாம். கடலோரத்தில் வசிப்பவர்கள் அதற்கு முன் ஒரு வாளிக்கு ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள்.