சேலம் இறங்கினதும் சொல்லுங்க, தம்பி

1/ காலேஜ் டூர்ல, ஏற்காடு லேடீஸ் சீட்ல வச்சு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடலாம்னு இருக்கீங்களா? வேண்டாம். சேலம் இறங்கினதும் சொல்லுங்க.

2/ மலை விளிம்புல நின்னா அட்ரினலின் ஏறும், நெஞ்சு படபடக்கும். அந்தப் பயத்தை மனசு ஈர்ப்புன்னு எடுத்துக்கலாம்னு 1974லேயே டட்டனும் ஆரானும் கனடாவில் ஒரு தொங்குபாலத்துல ஆய்வு செஞ்சு எழுதினாங்க.

3/ முக்கியமானது இதுதான்: அவங்க 'இல்ல'ன்னா எங்க போவாங்க? 20 கொண்டை ஊசி வளைவும் அதே பஸ்ல, உங்க பசங்க கிண்டலோட இறங்கணும்.

4/ கேக்கத் தைரியம் வேணும். 'இல்ல'ங்கிற பதிலோட வீட்டுக்குப் போய், சாப்பிட்டுத் தூங்க இன்னும் அதிகமா வேணும். விருப்பமில்லைன்னு தெரிஞ்சும் பின்தொடர்றது 2013லேருந்து கிரிமினல் குற்றம்.

5/ தாங்க முடியலையா? டெலி மானஸ் 14416. கேஷுவாலிட்டியில உங்களைப் பார்க்குறதைவிட, நீங்க போன்ல பேசுறது எங்களுக்கு நிம்மதி.