ஆவூர் கோயிலும் பிறக்காத பாதிரியாரும்

மக்களே, ஒரு சின்னக் கணக்கு. எங்க புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர் கத்தோலிக்கக் கோயில் பத்தி எந்தச் சுற்றுலாப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே வரிதான்: பழைய கோயிலை 1547ல் வெனான்சியஸ் புஷே பாதிரியார் கட்டினார், புதுசு 1747ல் வந்தது.

புஷே பிறந்ததே 1655ல், பிரான்ஸ்ல. பிறக்கறதுக்கு 108 வருஷம் முன்னாடியே கோயில் கட்டிட்டாராம்! புதுமைதான் போங்க.

1547ல கோவாவுக்கு சவேரியார் வந்தே அஞ்சு வருஷம்தான் ஆகியிருந்தது. ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது 1606ல். புஷே முதல்ல போனது சயாம் நாட்டுக்கு. அங்க 1688ல புரட்சி வெடிச்ச பிறகுதான் இந்தப் பக்கம் வந்தார். மதுரையில ராணி மங்கம்மாள் ஆட்சி, புதுக்கோட்டையில தொண்டைமான் தலையெடுத்த நேரம்.

"நூறு வருஷம் முன்னப்பின்ன இருந்தா என்னய்யா?"ன்னு பொன்னமராவதி டீக்கடையில நண்பர் கேட்டார். என்னவா? 1547ன்னு போட்டா, கடற்கரையில போர்த்துக்கீசியன் பீரங்கி நின்ன காலத்தோட இந்தக் கோயிலும் போய்ச் சேர்ந்துடுது. ஆவூர் கதை அது இல்லை. உள்நாட்டுல, பின்னால எந்தப் பட்டாளமும் இல்லாம, காவி உடுத்தி, மாமிசம் விட்டு, உள்ளூர் ஆட்சியாளர்களை அனுசரிச்சுப் பிழைச்ச மதுரை மிஷன் கதை. கட்டடக்கலை எழுதறவங்களுக்கும் இதே வம்புதான். 1547ன்னு நம்பிட்டா எந்த வளைவைப் பார்த்தாலும் போர்த்துக்கீசியமாத்தான் தெரியும்.

அடுத்தது வீரமாமுனிவர். அவர் ஆவூர்ல பணி செஞ்சார்னு எழுதி, கீழே 1747 கட்டடத்தோட படம். அவர் இறந்தது 1742ம்பாங்க, 1747ம்பாங்க. எப்படிப் பார்த்தாலும் அவர் பூசை வச்சது இந்தச் சுவருக்குள்ள இல்லை, பழைய கோயில்ல.

எழுதினவங்களை விடுங்க, அதை அப்படியே வெட்டி ஒட்டற நாம என்ன செய்யறோம்? நம்ம பதிவைப் பார்த்துப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற புள்ளைங்க 1547ஐ மனப்பாடம் பண்ணுதுங்க. உங்க பழைய பதிவுல அந்த வருஷம் இருந்தா இன்னைக்கே அடிச்சிடுங்க சாமி.

டிஸ்கி: நானும் ஒருதடவை 1547ன்னு எழுதியிருக்கேன். இப்பத்தான் அழிச்சேன். ஹி ஹி.