பூட்டன் எங்கே பிறந்தான்?

குடும்ப வரலாறு தேடுவது இன்று பலருக்குப் பொழுதுபோக்கு. மலையகத் தமிழனிடம் அவ்வரலாற்றை அரசாங்கமே 1948ஆம் ஆண்டில் கேட்டது, பொழுதுபோக்குக்காக அன்று!

அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி இத்தீவில் பிறந்தது மட்டும் போதாது. தந்தையும் இங்கு பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். ஈங்குப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1867இல், கட்டாயமாக்கப்பட்டதோ 1897இல். 1948இல் அறுபது வயதுக் கிழவன் தன் தந்தையின் பிறப்புப் பத்திரத்தை எங்கே தேடுவான்? பதிவேடே இல்லாத காலத்துக்குப் பதிவு கேட்டவர்கள் இதை அறியாதவர்களா?

1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் சட்டமோ, மணமானோர்க்கு 7 ஆண்டும் ஏனையோர்க்கு 10 ஆண்டும் இடையறாத வசிப்பைச் சான்றுபடுத்தக் கேட்டது. ஒரே பெயரைக் கணக்கப்பிள்ளை ஒருவிதமாகவும் பதிவாளர் வேறுவிதமாகவும் எழுதியிருந்தால் எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி என் செய்வான்?

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வாழ்ந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை அளித்தது. நன்று. ஆனால், அந்தப் பழைய மனுக்களிலன்றோ மலையகத்தின் வமிசாவளி உறங்குகிறது! எஞ்சிய கோவைகளைச் சுவடிகள் திணைக்களம் பேணிப் பேரப்பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பிரதி வழங்கட்டும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் கைவசம் உண்டு. நம் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் இதைக் கேட்பார்களா?