ஒரு நாள் இருட்டறை



மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் பரணை ஒழிக்கும்போது சில சமயம் ஒரு விசித்திரமான பொருள் அகப்படும். உள்ளங்கையளவோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு கண்ணாடித் தகடு, அல்லது தடித்த ஃபிலிம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு குடும்பம் தெரியும். ஆனால் முகங்கள் கறுத்தும் தலைமயிர் வெளுத்தும் இருக்கும். அதுதான் பெரிய அளவு நெகடிவ். “யாருக்கு வேண்டும் இது?” என்று பழைய பேப்பர்க் கடைக்குப் போட்டுவிடுவதே வழக்கமாகிவிட்டது.

அப்படிப் போடுவதற்கு முன் ஒரு நாளாவது அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து. ஆண்டுக்கு ஒரு நாள் ஒவ்வொரு பள்ளியும் ஒரு தற்காலிக இருட்டறை அமைக்கட்டும். குவிலென்ஸ் பற்றிய பாடத்தை அதைவிட நன்றாகக் கற்பிக்கும் வேறு சாதனம் இல்லை. அந்த இருட்டறைக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை பள்ளியிலேயே இருக்கின்றன.

முதலில், பெரிய நெகடிவுக்கு என்ன சிறப்பு என்று பார்ப்போம். 1856ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர் லினேயஸ் டிரைப். சிறிய படத்தைப் பெரிதாக்கும் வசதி அன்று மிக அரிது. பெரிய படம் வேண்டுமானால் பெரிய நெகடிவே எடுத்து, அதைத் தாளின்மேல் ஒட்டவைத்து வெயில் காட்ட வேண்டும். 1858ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் படமெடுத்தபோது, 21 படங்களை வரிசையாக ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார்.

இன்று நாம் லென்ஸால் பெரிதாக்குகிறோம். 10 செ.மீ.க்கு 12.5 செ.மீ. அளவுள்ள நெகடிவை 20க்கு 25 ஆக்க, 2 மடங்கு பெரிதாக்கினால் போதும். சாதாரண 35 மி.மீ. ஃபிலிமின் சட்டமோ 24 மி.மீ. உயரந்தான். அதை 20 செ.மீ. ஆக்க 8 மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டும். நெகடிவின்மேல் 0.1 மி.மீ. தூசி ஒன்று இருந்தால் முதல் படத்தில் அது 0.2 மி.மீ. புள்ளி, இரண்டாவதில் 0.8 மி.மீ. கறை! நம் லென்ஸ் மட்டமானதாக இருந்தாலும் பெரிய நெகடிவ் அதைப் பொறுத்துக்கொள்ளும்.

இனி அறையைத் தயார் செய்வோம். ஒரே ஜன்னல் உள்ள அறை போதும். ஜன்னலைக் கெட்டி அட்டையால் அடைத்து, கதவிடுக்குகளில் கறுப்புத் துணி செருகுங்கள். உள்ளே ஐந்து நிமிடம் இருந்தபின்னும் உங்கள் கைவிரல் உங்களுக்குத் தெரியக்கூடாது. ஜன்னல் அட்டையில் நெகடிவ் அளவுக்கு ஒரு துவாரம் வெட்டி, வெளிப்பக்கம் டிரேசிங் தாள் ஒட்டுங்கள். மருந்து பூசிய பக்கம் அறையைப் பார்க்கும்படி உட்பக்கத்தில் நெகடிவை நிறுத்துங்கள். ஆய்வுக்கூடத்திலுள்ள 15 செ.மீ. குவியத் தூரக் குவிலென்ஸை அதன் முன்னே வையுங்கள். இரண்டுக்கும் இடையே வெளிச்சம் கசியாதபடி ஓர் அட்டைக் குழாய் வேண்டும். லென்ஸின்மேல் 1 செ.மீ. துளையிட்ட கறுப்புத் தாளை ஒட்டினால் பிம்பத்தின் ஓரங்கள் ஓரளவு திருந்தும்.

தூரங்களை நீங்களே கணக்கிடலாம். 2 மடங்கு பெரிதாக்க நெகடிவிலிருந்து லென்ஸுக்கு 22.5 செ.மீ.; லென்ஸிலிருந்து தாளுக்கு 45 செ.மீ. பாடத்தில் மனப்பாடம் செய்த சூத்திரம் அறையின் நடுவே நிற்பதைப் பார்க்கலாம். வீட்டின் பழைய கேமரா லென்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒளி வந்த வழியே திரும்பிப் போகும் என்ற விதிப்படி, படமெடுத்த லென்ஸே படத்தைப் பெரிதாக்கியும் தரும்.

எந்த ஜன்னல்? இங்கிலாந்திலிருந்து வந்த புத்தகங்கள் வடக்கு ஜன்னல் என்று சொல்லும். அங்கே நண்பகலில் சூரியன் எப்போதும் தெற்கே இருப்பதால் வடக்கில் நேர் வெயில் விழாது. சென்னையோ 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலே நமக்கு ஏற்றது. புத்தகத்தில் உள்ளதை ஊருக்கேற்ப மாற்றிக்கொள்வதும் விஞ்ஞானந்தான்.

வேலை தொடங்கியதும் ஒரு புதிர் எழும். பிம்பம் தெளிவாக விழும்படி தாளை வைத்திருப்பீர்கள். ஆனால் அச்சான படம் சற்று மங்கலாக வரும். காரணம் என்ன? நம் கண் மஞ்சள், பச்சை ஒளியைக் கொண்டு தெளிவைப் பார்க்கிறது. புகைப்படத் தாளுக்கோ நீல ஒளிதான் முக்கியம். ஒற்றை லென்ஸ் நீலத்தைச் சற்று அருகிலேயே குவித்துவிடும். லென்ஸின்முன் நீல செல்லோஃபேன் தாளைப் பிடித்துக்கொண்டு தெளிவு பார்த்தால் குறை பெரிதும் தீரும். பாடப் புத்தகப் படத்தில் குவியம் ஒரே புள்ளி. இருட்டறையில் அது நிறத்துக்கு ஒன்று. இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

தாள் சிவப்பு ஒளிக்கு அசையாது என்பதால் சிவப்பு விளக்கில் வேலை செய்யலாம். ஒரு தாள் துண்டை அட்டையால் படிப்படியாக மறைத்து 10, 20, 40, 80 விநாடிகள் ஒளி காட்டுங்கள். எந்தப் பட்டை சரியாக இருக்கிறதோ அதுவே உங்கள் நேரம். பிறகு 4 மடங்குக்குப் பெரிதாக்க விரும்பினால் லென்ஸிலிருந்து தாளுக்கு 75 செ.மீ. ஆகும். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைவதால் நேரம் ஏறத்தாழ 2.8 மடங்காகும். கணக்கு சரியா என்பதைத் தாளே சொல்லிவிடும்.

அடுத்தது ரசாயனம். மூன்று தட்டுகள் வேண்டும். முதலாவதில் டெவலப்பர், ஒளிபட்ட வெள்ளி புரோமைடை அது கறுத்த வெள்ளியாக மாற்றும். இரண்டாவதில் நீர்த்த அசெட்டிக் அமிலம். அது அந்த வேலையை நிறுத்தும். மூன்றாவதில் ஹைப்போ, ஒளிபடாத உப்பைக் கரைத்து நீக்கும். டெவலப்பருக்கு 20 டிகிரி செல்சியஸ் என்று குறிப்பிட்டிருப்பார்கள். நம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கோடையில் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் கிரியை விரைந்து நடந்து படம் கட்டுக்கடங்காமல் கறுக்கும். தட்டைப் பெரிய தாம்பாளத்தில் வைத்துச் சுற்றிலும் ஐஸ்கட்டி போடுங்கள். வெப்பமானி பக்கத்திலேயே இருக்கட்டும்.

சில எச்சரிக்கைகள்: ஆசிரியர் உடனிருக்க வேண்டும். கையுறை அணிய வேண்டும். ஈரக்கையால் சுவிட்சைத் தொடக்கூடாது. 1950க்கு முற்பட்ட ஃபிலிம்களில் சில நைட்ரேட் வகையைச் சேர்ந்தவை, எளிதில் தீப்பற்றும். சந்தேகம் இருந்தால் அத்தகைய ஃபிலிமைத் தொடாமல் கண்ணாடித் தகடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உபயோகித்த ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. மெல்லிய இரும்பு நாரை அதில் போட்டுவைத்தால் இரும்பு கரைந்து வெள்ளி படியும். வினைத்திறன் வரிசைக்கு இதுவும் ஒரு சோதனை.

“செல்போனில் நெகடிவைப் படமெடுத்து நிறத்தைத் திருப்பினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுமே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. படத்தைப் பாதுகாப்பதற்கு டிஜிட்டல் முறையே சிறந்தது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்துவந்தார்கள். நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வான் ஆய்வகத்தின் வாரிசு அது. அந்தப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் டிஜிட்டல் வடிவில் மாற்றியிருக்கிறது. நூறாண்டுச் சூரியக் கரும்புள்ளிகளை ஆராய அவை இன்று உதவுகின்றன. யாரோ ஒருவர் தகடுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. ஆகவே வீட்டு நெகடிவையும் முதலில் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் செல்போன் விடையை மட்டுமே தரும். வழியைக் காட்டாது. மாணவனுக்கு வேண்டியது வழி.

“செலவு?” என்பது அடுத்த கேள்வி. உதகமண்டலத்தில் 1960ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் புகைப்படத் தாள் விற்றது. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. இன்று வெளிநாட்டுத் தாளை வாங்க வேண்டியிருப்பதால் விலை அதிகந்தான். ஆனால் ஒரு வகுப்புக்கு ஒரு சிறிய பொட்டலம் போதும். ஒரு தாளை நான்காக வெட்டிக்கொள்ளலாம். பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்து வாங்கினால் செலவு பாதியாகும். கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிவைத்து, தேர்வு அதிகாரிக்கு மட்டும் காட்டும் கருவிகளுக்கு ஆகும் செலவைவிட இது வீணல்ல.

நிரந்தர இருட்டறை கட்டிய பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு ஜன்னல், ஒரு லென்ஸ், மூன்று தட்டு, ஒரு விடுமுறை நாள் போதும். இந்த வாரமே தாத்தா பாட்டியிடம் கேட்டு, பரணில் அட்டைப் பெட்டி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். தகடு கிடைத்தால் ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். பிறகு உங்கள் பௌதிக ஆசிரியரிடம் போய், எந்தச் சனிக்கிழமை வசதிப்படும் என்று கேளுங்கள்.