குளிரில் வெளுக்கும் விரல்கள்

பன்விலையிலிருந்து மடுல்கலைக்கு ஏறும் பாதை நெடுகிலும், மார்கழி, தை மாதங்களில், விடியற்பனி தேயிலைச் செடிகளை நனைத்து நிற்கும். அந்த ஈரக் கொழுந்தைக் கிள்ளும் பெண்களின் விரல்கள் விறைப்பது புதினமன்று. ஆயினும் சிலருக்கு விரல் நுனிகள் மாத்திரம், எல்லை கீறினாற்போல, சுண்ணாம்பாய் வெளுத்துவிடும்; பின்னர் நீலம் பாரிக்கும்; சூடேறியதும் சிவந்து கடுக்கும். கால்விரல்களுக்கும் இது வருவதுண்டு.

மொரிஸ் ரேனோ என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1862ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. குளிர் கண்டதும் தோலின் சிறு நாடிகள் சுருங்கி உடற்சூட்டைக் காப்பது இயற்கை. இங்கோ அச்சுருக்கம் அளவு மீறி, விரலுக்குக் குருதி செல்வதே தடைப்படுகிறது. மனக்கலக்கமும் இதனைத் தூண்டும்.

இளமையில் தொடங்கி, இரு கைகளிலும் ஒன்றுபோல் வந்து போவதாயின் பெரும்பாலும் அஞ்சவேண்டியதில்லை. 30 வயதைக் கடந்தபின் புதிதாகத் தோன்றினாலோ, நுனியில் ஆறாப் புண் எழுந்தாலோ, விரல் வீங்கித் தோல் இறுகி மோதிரம் கழலாதுபோனாலோ, சோறு விழுங்குவது சிரமமானாலோ, காரணம் வேறு. தோலையும் உள்ளுறுப்புக்களையும் இறுக்கும் ஸ்கிளிரோடெர்மா, லூப்பஸ் முதலிய தொடுப்பிழைய நோய்களை அப்போது ஐயுறவேண்டும். ஸ்கிளிரோடெர்மா கண்டவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் விரல் வெளுப்பு உண்டு. பலருக்கு மற்றக் குறிகளுக்குச் சில ஆண்டுகள் முன்னரே அது வந்துவிடுகிறது. நுரையீரலும் சிறுநீரகமும் கெடுமுன் கண்டுகொள்ள அதுவே தருணம்.

‘ஒருநாட் பேர் போய்விடுமே’ என்று நம் பெண்கள் தயங்குவது அறியாததன்று. ஆனால், நகக்கண்ணின் நுண்குழாய்களைப் பூதக்கண்ணாடியால் நோக்குவதும், இரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் வழிகாட்டிவிடும். அருகிலுள்ள வைத்தியரிடம் காட்டி, வேண்டுமாயின் கண்டித் தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கோ கடிதம் பெறலாம். நாடிகளைத் தளர்த்தும் நிபெடிபின் போன்ற மாத்திரைகள் உண்டு.

வீட்டிலே, வெளுத்த விரலை அடுப்புத் தணலில் நீட்டாதீர்கள். மரத்த தோல் வேகுவது தெரியாது. கக்கத்தில் வைத்தோ, இளஞ்சூட்டு நீரிலோ சூடேற்றலாம். கையுறை மாத்திரம் போதாது, உடல் முழுவதும் கதகதப்பாயிருத்தல் வேண்டும். பீடியையும், வெற்றிலையோடு போடும் புகையிலையையும் விடுதல் நன்று. இரண்டும் நாடிகளைச் சுருக்குவன. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளும் இதனை மிகுவிக்கக்கூடும். அவற்றைத் தாமாக நிறுத்தாது, உட்கொள்ளும் மாத்திரைகளை எல்லாம் வைத்தியரிடம் எடுத்துச் சென்று காட்டுக.