ஒன்றரை டொலர் ஈயமும் ஒரு டொலர் பறவையும்

வட அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிக்கப் புறப்படும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எல்லா இடத்துக்கும் உதவக்கூடிய, விலையும் குறைந்த ஜிக் எது? நியாயமான கேள்வி. அதற்குத் தூண்டில் உபகரண வணிகம் காலங்காலமாகச் சொல்லிவரும் விடையில்தான் நியாயமில்லை. மலிவானதைப் பத்தாக வாங்கு, தொலைந்தால் தொலையட்டும் என்பது அந்த விடை. கனடாவில் குடியேறிய நம்மவர் பலரும் விடுமுறை நாட்களில் தூண்டிலோடு ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் என்பதால், இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணமும் இருக்கிறது.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸ் நன்னீர் மீன். பெருவாய், சிறுவாய் என்னும் இரு வகைகளே பெரிதும் தேடப்படுகின்றன. ஜிக் என்பது முள்ளின் கழுத்தில் உலோகத் தலையொன்றை வார்த்து, அதைச் சுற்றி சிலிக்கன் இழைகளைப் பாவாடைபோலக் கட்டிய செயற்கை இரை. பாசியிலும் கட்டையிலும் முள் சிக்காதிருக்க முன்னே ஒரு நார்க் குஞ்சம் நிற்கும். பின்னால் மென்பிளாஸ்டிக் வால் ஒன்றைக் கோத்து நீரின் அடித்தளத்தில் மெல்ல இழுத்தால், நன்னீரில் வாழும் சிறு சிங்கி இறால் நகர்வதுபோல இருக்கும். பாஸ் விரும்பித் தின்னும் உணவு அது.

கடைக்குள் நுழைந்தால் தலை சுற்றும். பாறைக்கு ஒரு தலை, பாசிக்கு ஒரு தலை, நீந்த விடுவதற்கு வேறொரு தலை, நிறங்களோ எண்ணிலடங்கா. இவை எல்லாம் பொய்யென்று நான் சொல்லவில்லை. போட்டிகளில் இறங்குபவருக்கு இந்த வேறுபாடுகள் பயன்தரக்கூடும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கரையில் நிற்பவருக்கு எட்டில் மூன்று அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய பத்தரை கிராம் எடையுள்ள ஜிக் ஒன்று போதும். ஆர்க்கி என்று அழைக்கப்படும் பொதுவகைத் தலை கொண்டதாக அது இருக்கட்டும். தெளிந்த நீருக்குப் பச்சை கலந்த மண்ணிறம், கலங்கிய நீருக்குக் கறுப்பும் நீலமும். வாலை மாற்றினால் அதே ஜிக் நடுநீரில் நீந்தும். பாவாடை இழைகளைக் கத்தரித்தால் சிற்றிரையாகும். திறந்த நீரில் குஞ்சத்தின் நாரில் பாதியை வெட்டிவிடலாம். காசைக் கொடுக்கவேண்டியது முள்ளின் கூர்மைக்கும் உறுதிக்கும்; நிறத்துக்கு அன்று.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. இந்த விளையாட்டின் வரலாறே சொல்கிறது. 1932 ஜூன் 2 ஆம் திகதி ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்னும் இளம் விவசாயி 22 இறாத்தல் 4 அவுன்ஸ் எடையுள்ள பெருவாய்ப் பாஸைப் பிடித்தார். 2009 இல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் அதைச் சமன் செய்யும்வரை அந்தச் சாதனையை எட்டியவர் எவருமில்லை. அன்று பெரியிடமும் அவருடைய நண்பரிடமுமாக இருந்தவை ஒரு தூண்டிற்கோலும் ஒரு செயற்கை இரையுமே என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. பொருளாதார மந்தக் காலம். மீன் வீட்டுக் கறியாயிற்று. 1971 இல் மீட் ஏரியில் நடந்த முதலாவது பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டியிலும், பங்குபற்றிய 24 பேருக்கு ஆளுக்குப் பத்து இறாத்தல் உபகரணம் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. அக்காலத்தின் தலைசிறந்த தூண்டிற்காரர்களுக்கே அந்தக் கட்டுப்பாடு. இன்று பொழுதுபோக்குக்குப் போகிறவரின் பெட்டி அதைவிடக் கனக்கிறது.

வீண்செலவு அவரவர் சொந்த விவகாரம் என்று விட்டுவிடலாம். விட முடியாதது அந்தத் தலை வார்க்கப்படும் உலோகம்.

மலிவான ஜிக்கின் தலை ஈயம். ஸ்காபரோவில் மருமகன் ஒருவனின் தூண்டில் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, “துலைஞ்சாலும் கவலையில்லை மாமா, ஒண்டரை டொலர்தானே” என்றான். அவனை நான் குறை சொல்லமாட்டேன். இரவு வேலை முடித்து வந்து, காசை எண்ணி வாங்குகிறவன். ஆனால் அந்த ஒரு வசனத்துக்குள் வணிகத்தின் முழுத் தந்திரமும் அடங்கியிருக்கிறது. ஜிக் அடித்தளத்தில் பாவிக்கப்படும் இரை. கல்லிடுக்கிலும் மரக்கட்டையிலும் சிக்கி நூல் அறுவது அதற்கு இயல்பு. தொலையப் போகிறது என்று தெரிந்தே விற்கிறார்கள், தெரிந்தே வாங்குகிறோம். தொலைந்த ஈயம் எங்கே போகிறது?

லூன் என்னும் நீர்ப்பறவையின் இரைப்பைக்குள் போகிறது. மூழ்கி மீன் பிடிக்கும் இப்பறவை, உணவை அரைப்பதற்காக ஏரியடியில் கூழாங்கற்களைப் பொறுக்கி விழுங்கும். கல்லோடு ஈயமும் போகும். நூலறுத்துத் தப்பிய மீனை விழுங்கும்போது, அதன் வாயில் தொங்கும் ஜிக்கும் உள்ளே போகும். அரைவைப் பையில் ஈயம் தேய்ந்து இரத்தத்தில் கலக்கிறது. பறவை பறக்க மாட்டாமல், மூழ்க மாட்டாமல் சில வாரங்களுக்குள் இறக்கிறது. ஒரு பறவைக்கு ஒரு சிறு ஈயத்துண்டு போதும். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் இறந்து கிடைத்த வளர்ந்த லூன்களைப் பல ஆண்டுகள் பரிசோதித்த விலங்கு மருத்துவர்கள், ஈய நஞ்சை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கண்டார்கள். பல ஆண்டுகள் கழித்தே இனப்பெருக்கத்துக்கு வந்து, ஈற்றுக்கு இரண்டு முட்டை அளவில் இடும் பறவை இது. வளர்ந்த ஒன்றின் இழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் வேண்டும்.

இந்த லூனைத்தான் கனடா 1987 இல் தன் ஒரு டொலர் நாணயத்தில் பொறித்தது. அதே ஆண்டில் பிரித்தானியா, அன்னங்கள் ஈயத்தால் மடிவதைக் கண்டு சிறு ஈயத் தூண்டிற்குண்டுகளின் விற்பனையைத் தடைசெய்தது. பின்னர் அன்னங்களின் தொகை பெருகிற்று. கனடாவோ 1997 இல் தேசியப் பூங்காக்களில் சிறு ஈயக் குண்டுகளையும் ஜிக்குகளையும் தடுத்ததோடு, ஏனைய நீர்நிலைகளைப் பெரும்பாலும் தூண்டிற்காரரின் மனச்சாட்சியிடம் ஒப்படைத்துவிட்டது. நாணயத்தில் பறவைக்குக் கௌரவம். ஏரியில் அதற்கு நஞ்சு.

‘எட்டில் மூன்று அவுன்ஸ் ஜிக் பெரியது, பறவை அதை விழுங்காது’ என்று வாதிடுவோர் உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் முதலில் அப்படித்தான் எண்ணி, ஓர் அங்குலத்துக்குக் குறைந்த ஈய ஜிக்குகளை மட்டும் தடுத்தது. அதைவிடப் பெரியவையும் இறந்த லூன்களின் வயிற்றில் காணப்பட்டதால், 2016 முதல் ஓர் அவுன்ஸ் வரையான எல்லா ஈய ஜிக்குகளையும் தடைசெய்தது. அந்த வாதம் அங்கேயே முடிந்துவிட்டது.

மற்ற வாதம் ஏழையின் பெயரால் வருவது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1994 இல் சிறு குண்டுகளைத் தடுக்க முன்மொழிந்தது, அது சட்டமாகவில்லை. 2010 இல் சூழல் அமைப்புகளின் மனுவையும் நிராகரித்தது. இத்தகைய தடைகளுக்கு எதிராகத் தூண்டில் வணிகம் ஓயாமல் சொல்வது, சாதாரண மனிதனின் செலவு கூடிவிடும் என்பது. ஒரு வீட்டின் முற்பணத்துக்கு நிகரான விலையில் பாஸ் படகு விற்கிறவர்களுக்கு, ஜிக்கின் விலையில் மட்டும் ஏழையின் நினைவு வந்துவிடுகிறது!

ஏழையின் கணக்கையே பார்ப்போம். பத்து ஈய ஜிக் வாங்குகிறவர் பாவிப்பது மூன்றோ நான்கோ. மீதி பெட்டியில் கிடக்கும். அதே காசுக்கு ஈயமற்ற ஜிக் மூன்று வாங்கலாம். பிஸ்மத், வெள்ளீயம், உருக்கு ஆகியவற்றில் செய்தவை உள்ளன. டங்ஸ்டன் விலை கூடியதுதான். ஆனால் ஈயத்தைவிட அடர்த்தி மிகுந்தது என்பதால், அதே எடைக்கு ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு பருமனே வரும். கடினமானது என்பதால் அடியில் கல்லா மண்ணா என்பதையும் கைக்கு நன்றாக உணர்த்தும். அது கட்டுபடியாகாதவருக்குப் பிஸ்மத் போதும். தலை சற்றே பெரிதாயிருக்கும், மீன் அதைப் பொருட்படுத்தாது.

ஈயத்தின் தன்மை நமக்குப் புதிதன்று. வீச்சுவலையின் விளிம்பில் ஈயக் குண்டு கோத்த கரையிலிருந்து வந்தவர்கள் நாம். நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் ஈய எழுத்துக் கோத்தவர்கள் அச்சுக்கூடங்களில் இன்னமும் இருந்தார்கள். சவர்க்காரம் போட்டுக் கைகழுவாமல் சோற்றுப் பொதியைத் தொட இளையவர்களை அவர்கள் விட்டதில்லை. படிப்பறிவால் வந்த எச்சரிக்கை அன்று அது, தொழில் கற்பித்தது. இன்று வீட்டுக் கொட்டகையில் ஈயத்தை உருக்கித் தாமே ஜிக் வார்ப்பவர்கள், அந்தத் தூசு படிந்த உடுப்போடு பிள்ளைகளைத் தூக்குகிறார்கள்.

ஆகவே கேட்பவருக்கு என் விடை இதுதான். எட்டில் மூன்று அவுன்ஸ், ஈயமற்றது, நல்ல முள், இரண்டு நிறம். நூலைச் சற்றுத் தடிப்பாகப் போடுங்கள். சிக்கினால் வெடுக்கென அறுக்காமல் கோணத்தை மாற்றி இழுத்துப் பாருங்கள். வீட்டில் கிடக்கும் ஈயத்தைக் குப்பையில் எறியாமல், ஆபத்தான கழிவுகளைப் பொறுப்பேற்கும் நகரசபை நிலையத்தில் ஒப்படையுங்கள். கடைக்காரர் ‘மலிவு’ என்று நீட்டும்போது, மிச்சக் காசாக உங்கள் கையில் விழும் நாணயத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.